சம்பளமில்லாத கோடை யாருக்கு?

ஜெனீவாவில் ஐ.நா. செயலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால் ஊதியம் கிடையாது. விமானக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் நம் பாடு. 2015இல் அங்கே பயிற்சிக்கு வந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. சேரியிலிருந்து கிளம்புகிறவர் அந்தக் கூடாரம் வரைக்கும்கூடப் போக முடியாது. விசா கேட்கும்போதே வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள்.

ஆக, வீட்டிலிருந்து பணம் வரக்கூடியவர்களே சாதி பற்றிய அறிக்கையை எழுத உட்காருகிறார்கள். நாம் அதில் புகைப்படமாக இருக்கிறோம். 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் இந்திய அரசு முட்டுக்கட்டை போட்டபோது, நேரில் போய்ப் பேசியவர்கள் நம்மவர்கள்தானே?

"அனுபவம்தான் சம்பளம்" என்கிறார்கள். 1913இல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். நம் பெயரைச் சொல்லி நிதி கேட்கும் தொண்டு நிறுவனங்கள், அதே விண்ணப்பத்தில் பயிற்சியாளர் சம்பளத்தையும் எழுதட்டும்.