சாரம் பிரிக்கும் நாளில் வீட்டுக்காரர் எங்கே?

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைப்புக்காக அஸ்ஸாம் பகுதியிலிருந்து வந்தவர்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார். சில நாட்களில் நாம் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

அது பெரிய இடம், அதனால் செய்தியானது. கொடைக்கானலில் ஒரு மாடி வீட்டுக்குப் பூசும்போது ஒருவர் விழுந்தால் யாருக்குத் தெரியும்? சட்டமும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 10 லட்சம் ரூபாய்க்குள் சொந்த வீடு கட்டுவோரை விட்டுவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக்கியிருக்கிறது. பழனி மலையில் நம் குடும்பங்கள் கட்டும் வீடுகளில் எத்தனை இதற்கு மேலே போகும்? ஆக, பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான். மேஸ்திரியிடம் காண்ட்ராக்ட் விட்டுவிட்டோம் என்பது இந்த அமானிதத்திலிருந்து நம்மை விடுவிக்காது.

மலையில் சாரத்தின் கணக்கே வேறு. தரை சரிவு என்பதால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. குட்டைக்கால் அடியில் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பார்கள். ஒரு மழை பெய்து மண் இளகினால் கல் நகர்ந்துவிடும். சரிவைப் படியாக வெட்டி, கெட்டியான பலகை போட்டு அதன்மேல் காலை நிறுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் கம்பு காய்வதில்லை, கயிறு இற்றுப்போகிறது, பலகை வழுக்குகிறது. சாரத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினால் காற்று அதைப் பாய்மரம்போல் இழுக்கும். 2015 செப்டம்பரில் மக்காவில் ராட்சத கிரேனையே புயல் காற்று சாய்த்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை.

சாரம் கட்டும்போதாவது நான்கு பேர் பார்க்கிறார்கள். பிரிக்கும்போது வேலை முடிந்த அலட்சியம் வந்துவிடுகிறது. கொத்தனார் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். புதிய பையன்கள் இருவரிடம் "சாயங்காலத்துக்குள் பிரித்துப் போடு" என்பார்கள். சுவரில் ஓட்டை அடைக்க வேண்டுமென்று, சாரத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் கட்டுகளை முதலில் அவிழ்ப்பதும் உண்டு. அதன்பின் மேலே ஏறுகிறவனுக்குப் பிடிமானம் ஏது? மேலிருந்து கீழாக, ஒவ்வொரு தட்டாகப் பிரிக்க வேண்டும். அந்தத் தட்டுக்கு வரும்வரை அதன் கட்டைத் தொடக் கூடாது. கம்பைக் கீழே வீசாமல் கயிற்றில் இறக்க வேண்டும். இடுப்புப் பெல்ட்டைச் சாரத்தில் மாட்டுவதில் பயனில்லை. கட்டடத்தில் உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும்.

நம் ஜமாஅத் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ரமழான் பிறைக்குள் மினாரா வேலையை முடித்துத் தாருங்கள் என்று நெருக்கும்போது, மழையிலும் ஏறச் சொல்கிறோம் என்பதை உணர்கிறோமா? காண்ட்ராக்ட் பேசும்போதே சாரத்துக்குத் தனித் தொகை, பிரிப்பதற்குத் தனி நாள், மழையில் வேலை நின்றால் அன்றைக்கும் கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் பதிந்துகொள்ள உதவுங்கள்.