மஞ்சள் சட்டையும் கடைசி பஸ்ஸும்

சென்னை சூப்பர் கிங்ஸுக்குச் சேப்பாக்கம் சொந்த மைதானம். சரி, கடத்தூர் ரசிகனுக்கு? எங்கள் ஊரிலிருந்து சென்னையைவிட பெங்களூருதான் கிட்ட. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் வந்துவிடும். சென்னை என்றால் ஒரு பகலே போய்விடும். ஆக, ஐ.பி.எல். அட்டவணையில் ஏழு ஆட்டம் சொந்த ஊர், ஏழு ஆட்டம் வெளியூர் என்று போட்டிருந்தாலும் நமக்குப் பதினாலும் வெளியூர்தான்!

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. அங்கே ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் 81 வெளியூரில். விடுமுறை எடுத்துக்கொண்டு அணியின் பின்னாலேயே ஊர் ஊராகப் போகும் ரசிகர்கள் அங்கே நிறைய. "வேலை வெட்டி இல்லாதவனுங்க" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. பீகார் முசாஃபர்பூரைச் சேர்ந்த சுதிர் குமாரை டிவியில் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் மூவர்ணம் பூசி, சங்கு ஊதுவார். இந்திய அணி ஆடும் ஊருக்கெல்லாம் போவார், பல ஊர்களுக்கு சைக்கிளிலேயே! 2011-ல் உலகக்கோப்பை வென்றதும் டெண்டுல்கர் அவரை அழைத்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப் பயணம் போகிற ரசிகனுக்கு ஆட்டத்தை நடத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் நடந்தது, அதிலும் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. (காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதே எங்கள் ஒகேனக்கல் பக்கம்தான். அதனால் அந்தப் போராட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.) இரண்டு வருடத் தடைக்குப் பிறகு திரும்பிய அணி, வந்த வேகத்தில் ஊரைவிட்டுப் போனது. அப்போது நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று சிறப்பு ரயில் பிடித்து, ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களைப் புனேவுக்குக் கூட்டிப் போனது. டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. ஏப்ரல் 20 அன்று வாட்சன் சதம் அடித்தார், ராஜஸ்தானை 64 ரன்னில் ஜெயித்தோம். மனது வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது இன்னொரு பக்கம். 2023 இறுதிப் போட்டி, அகமதாபாத். மே 28 அன்று மழை, ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அதே டிக்கெட் செல்லும் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் டிக்கெட் செல்லும், ரசிகன் எங்கே படுப்பான்? மஞ்சள் சட்டை போட்டவர்கள் ரயில் நிலையத் தரையில் தூங்கிய படங்கள் வந்தன. மறுநாளும் மழை. கடைசிப் பந்தில் ஜடேஜா பவுண்டரி அடித்தபோது தேதி மே 30 ஆகிவிட்டது. தரையில் படுத்தவனுக்கு அந்த பவுண்டரி எல்லாவற்றையும் மறக்கடித்திருக்கும். அவன் மறந்துவிடுவான் என்ற தைரியத்தில்தான் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

பணம் இல்லையா? 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. டிவியில் அந்த ஆட்டம் களைகட்டுவதே அரங்கில் எழும் சத்தத்தால்தான். காலி அரங்கில் ஆட்டம் எப்படி இருக்கும் என்று 2020-ல் துபாயில் பார்த்தோமே!

"உன்னை யார் போகச் சொன்னது?" என்று கேட்கலாம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. சிறப்பு பஸ் விடுகிறார்கள். கூட்டம் வரும் என்று தெரிந்தால் ஏற்பாடு செய்வதுதானே முறை? ஏற்பாடு இல்லாத கூட்டம் என்ன ஆகும் என்பதை 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்க வாசலில் பார்த்தோம். கோப்பையைக் கொண்டாட வந்த 11 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடம் அது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2023-ல் சேப்பாக்கம் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு மெட்ரோ ரயில் இலவசம் என்றார்கள். சென்னைக்காரருக்கு அது சௌகரியம். ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்து வெளியே வரும் வெளியூர்க்காரனுக்கு? அரங்க வாசலிலிருந்தே சேலம், தருமபுரி, விழுப்புரம் என்று நாலு பஸ் விடட்டும், காசு கொடுத்தே வருகிறோம். இறுதிப் போட்டிக்கு மாற்று நாள் வைக்கும்போது, அந்த ராத்திரி தலை சாய்க்க ஒரு மண்டபத்தையும் சேர்த்து ஏற்பாடு செய்யட்டும். அவ்வளவுதான்.

டி.என்.பி.எல். ஆட்டங்கள் நத்தம், திருநெல்வேலி, கோவை, சேலம் என்று நம்மைத் தேடி வருகின்றன. ஐ.பி.எல். அப்படி வராது, தெரியும். நாம்தான் போக வேண்டும், போவோம். பத்திரமாகத் திரும்பி வந்து காலையில் காலேஜுக்குப் போக வழி இருந்தால் போதும்.