காத்து இருக்கு, கடல் இருக்கு... டெல்டா பிள்ளைகளுக்கு பாய்ப்படகு மட்டும் இல்லை!

தஞ்சாவூர்:

சீனாவின் ஹாங்சோ நகரில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகுப் பிரிவில் இந்தியாவுக்கு 3 பதக்கங்கள் கிடைத்தன.

வெள்ளி வாங்கிய நேகா தாக்கூர் மத்தியப் பிரதேசத்து விவசாயி மகள். அந்த மாநிலத்தில் கடலே கிடையாது. வெண்கலம் வாங்கிய ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் நம்ம வேலூர்க்காரர். வேலூரிலும் கடல் இல்லை.

அப்படியென்றால் பிறந்ததில் இருந்தே கடலைப் பார்த்து வளரும் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், அதிராம்பட்டினம் பிள்ளைகள் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை? டெல்டாக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஏரியில் பழகிய பதக்கம்

நேகா பழகியது போபால் நகரத்து பெரிய ஏரியில். அங்கே அரசே பயிற்சி மையம் நடத்துகிறது. படகும் பயிற்சியாளரும் அரசு செலவு. திறமை இருக்கிற ஏழைப் பிள்ளை உள்ளே வர முடிகிறது.

ஐதராபாத் உசேன் சாகர் ஏரியிலும் இதே கதைதான். அங்குள்ள படகு கிளப் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பழக்கியது. அந்தப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் பதக்கம் அடித்தார்கள்.

தமிழ்நாட்டில் பாய்மரப் படகு என்றால் சென்னைதான். சென்னை துறைமுகத்தில் உள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைப் பெண். கோடை விடுமுறை முகாமில் படகு பழகப் போனவர், 2021-ல் டோக்கியோவுக்கும் 2024-ல் பாரீசுக்கும் போய் வந்தார். கணபதி - வருண் தக்கர் ஜோடியும் சென்னைதான். 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர்கள்.

ஒரு கோடை முகாம் ஒரு பெண்ணை ஒலிம்பிக் வரை கொண்டு போனது. அந்த முகாம் டெல்டா கடற்கரைக்கு வரவில்லை என்பதுதான் குறை.

பணக்கார விளையாட்டா?

பாய்மரப் படகு வசதியானவங்க விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. வெளிநாட்டில் இருந்து வரும் போட்டிப் படகு விலை லட்சத்தைத் தாண்டும்.

மீதிப் பாதியையும் பார்க்கணும். உலகம் முழுக்க 15 வயது வரையுள்ள பிள்ளைகள் ஓட்டும் படகுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். நீளம் 8 அடிக்குள், எடை 35 கிலோ. ஒரு படகுக்கு ஒரே ஆள். இதை 1947-ல் அமெரிக்காவில் உருவாக்கியதே, சாதாரண வீட்டுப் பையன்களும் ஓட்டட்டும் என்று மலிவாக ஒட்டுப்பலகையில் செய்யத்தான்.

நாகப்பட்டினம் பக்கம் பைபர் படகு கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. பெரிய போட்டிக்கு அங்கீகாரம் பெற்ற படகு வேண்டும், சரி. பழகுவதற்கான படகை நம்ம ஆட்களே கட்ட முடியாதா?

காற்று படிப்பு வீட்டிலேயே இருக்கு

பாய் ஓட்டுகிறவன் முதலில் படிக்க வேண்டியது காற்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசை வாரியாகப் பேர் வைத்தவர்கள் நம்ம மீனவர்கள். ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கத்து கிராமங்களில் பொங்கல், கோவில் திருவிழா சமயத்தில் நாட்டுப் படகில் பாய் கட்டிப் போட்டி நடத்துகிறார்கள். ஆக, இந்த விளையாட்டு நமக்குப் புதுசு இல்லை. விதிமுறைகளும் பயிற்சியும்தான் புதுசு.

ராமநாதபுரம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைக்க மாநில அரசு திட்டம் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அதிராம்பட்டினத்தில் இருந்து அது 100 கிலோமீட்டருக்கு மேல். 10 வயசுப் பிள்ளை தினமும் போய் வர முடியுமா? கிளை இங்கே வேண்டும்.

எப்போது, எங்கே?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிக்கூடமும் விடுமுறை. அனுபவசாலி மீனவர்களும் ஊரிலேயே இருப்பார்கள். முகாம் நடத்த இதைவிடத் தோதான நேரம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், தொடக்கூடாது. 2018 கஜா புயலில் நொறுங்கிய படகுகளை இந்தக் கரை மறக்கவில்லை.

இடமும் முக்கியம். பாக் விரிகுடா ஆழம் குறைவு. பழகுகிற பிள்ளைக்கு அது வசதி. ஆனால் சில இடங்களில் கரை முழுக்க சேறு. எங்கே இறக்கலாம் என்று மீனவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். தஞ்சை, புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 முதல் கடற்பசு பாதுகாப்பகம். பாய்ப்படகில் எஞ்சின் கிடையாது, அதனால் கடற்பசுவுக்குத் தொந்தரவு குறைவு. கூடவே வரும் மீட்புப் படகு மட்டும் மெதுவாகப் போக வேண்டும், வனத்துறை அனுமதியும் கேட்க வேண்டும்.

நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றக்கூடாது. லைப் ஜாக்கெட் இல்லாமல் கரையை விட்டு நகரக்கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

சோறு போடுமா?

பெற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நாங்க பட்ட பாடு போதும், பிள்ளையாவது கரையில பிழைக்கட்டும் என்ற நினைப்பு கடலோர வீடுகளில் நிறைய இருக்கிறது. நடுக்கடலில் கைது, படகு பறிமுதல் என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான்.

பதிலும் இருக்கிறது. ராணுவமும் கடற்படையும் பாய்மர வீரர்களைச் சேர்த்து வளர்க்கின்றன. விஷ்ணு சரவணனே அதற்குச் சாட்சி. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஒரு கதவு திறக்கும்.

முகாம் போட்டு, போட்டோ எடுத்து, அடுத்த வருஷம் மறந்து போவதில் பலன் இல்லை. 6 படகு, ஒரு மீட்புப் படகு, சம்பளத்துக்கு ஒரு பயிற்சியாளர், தொடர்ந்து 4 வருஷம். ஊர் இளைஞர்கள் இரண்டு பேரைப் பயிற்சியாளராகத் தயார் செய்ய வேண்டும். பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு. இந்த அளவுக்குச் செய்தால் போதும், வேர் பிடித்துவிடும்.

மாவட்ட விளையாட்டு அலுவலகமும் மீன்வளத்துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினால், அடுத்த தடைக்காலத்திலேயே முதல் படகை இறக்கலாம். உட்காருவார்களா?