இரைச்சலா, இசையா?

எனக்கு ஐந்து வயதிருக்கும். சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டுப் பின்புறம் அப்பா ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்களை எரித்தார். அவை அண்ணன் சேர்த்தவை. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, கடை கடையாக அலைந்து பொறுக்கியவை. அது 2001ஆம் ஆண்டு. கெடாவில் ‘பிளாக் மெட்டல்’ பீதி பரவி, பள்ளி மாணவர்கள் விசாரிக்கப்பட்ட காலம். கறுப்புச் சட்டை போட்டவனெல்லாம் சாத்தானை வணங்குகிறவன் என்று பேச்சு. அன்றைக்குப் பிறகு அண்ணன் கிதாரைத் தொடவே இல்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1998இல், சிங்கப்பூரின் ‘ருத்ரா’ குழு தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டிருந்தது. அப்பா அதை ஒருமுறை கேட்டிருந்தால் தீப்பெட்டியை எடுத்திருப்பாரா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ருத்ரா 1992இல் நம் இன இளைஞர்கள் தொடங்கிய குழு. இடையில் கலைந்து மீண்டும் கூடியது. மேலைநாட்டு டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும்தான் அவர்களின் இசைக்கு அடித்தளம். ஆனால் பாடுபொருள் உபநிடதங்களும் அத்வைத வேதாந்தமும். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த ‘பிரம்மவித்யா’ தொகுப்புகள் மூன்றும் ‘நான் யார்’ என்ற கேள்வியையே சுற்றி வருகின்றன. மந்திர ஓசை மெல்ல எழும். அதன்மேல் கிதார்கள் இடிபோல் இறங்கும். இதற்கு ‘வேத மெட்டல்’ என்று பெயர்.

அவர்களின் மேடை நிகழ்ச்சிகளைக் காணொளியில் பார்த்திருக்கிறேன். கதிர் பேஸ் கிதாரை வாசித்துக்கொண்டே அடித்தொண்டையில் உறுமுகிறார். சிவாவின் முரசு நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. கூட்டம் தலையை ஆட்டி ஆடுகிறது. இந்தக் காட்சி நமக்குப் புதிதா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளம் முழங்கும்போது நம் உடம்பில் ஏறுவதும் இதே அதிர்வுதானே? அந்த உறுமி அடிக்கும் பையன்களையும் ‘குண்டர்கள்’ என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆக, பயம் இசையின்மீது அல்ல. இளைஞர்களின்மீது என்பதே என் கருத்து.

மெட்டல் வட்டாரத்தில் தவறே நடக்கவில்லை என்று நான் வாதாடவில்லை. நோர்வேயில் 1990களின் தொடக்கத்தில் அவ்வட்டாரத்தைச் சேர்ந்த சிலர் தேவாலயங்களுக்கே தீ வைத்தார்கள். அந்தக் குற்றம் வைத்தவர்களுடையது. சுங்கை பட்டாணியில் கிதார் பழகிய பதினாறு வயதுப் பையனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ருத்ராமீது எனக்கும் ஒரு குறை உண்டு. அவர்களின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் அமைந்துவிட்டன. இந்த இசைக்குத் தமிழ் தாங்காதா? கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துக் காளிக்குப் படைக்கின்றன. எந்த மெட்டல் குழுவின் கற்பனைக்கும் அது குறைந்ததல்ல! சித்தர் பாடல்களில் இல்லாத கோபமா?

அதைப் பாடப்போகிறவர் இந்த இதழை வாசிக்கும் ஒரு மாணவராகவே இருக்கலாம். அவருடைய தம்பியாகவும் இருக்கலாம். பெற்றோரே, ஆசிரியர்களே, அவன் பையைச் சோதிப்பதற்கு முன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டையாவது முழுதாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம்.