மருந்து மலையேறினால் மட்டும் போதாது

பால் கெட்டால் திரிந்து காட்டிக்கொடுக்கும். ஆக்சிடோசின் கெட்டால் தெரியாது. வெப்பத்தில் கிடந்து வீரியம் இழந்த குப்பியும் புதுக் குப்பியும் பார்வைக்கு ஒன்றுதான். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத பெண்ணுக்குச் செவிலியர் அதைப் போடுவார், கருப்பை இறுகாது. "ஊசி போட்டது யார்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த மருந்து அதற்கு முன் எந்த அறையில், எத்தனை டிகிரி வெப்பத்தில் கிடந்தது என்று கேட்பவர் அரிது. ஜவ்வாது மலைக்காக அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்கள் பங்குபோட்டுக்கொண்ட மலை இது. ஜமுனாமரத்தூர் ஒன்றில், புதூர்நாடும் நெல்லிவாசலும் இன்னொன்றில், பீஞ்சமந்தை மற்றொன்றில். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் 3,000 பேருக்கு ஒன்று. விதி நல்லதுதான். ஆனால் அந்த 3,000 பேரும் ஒரே ஊரில் இல்லை. ஓடை, காடு, ஏற்றம் தாண்டிச் சிதறிய குக்கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதும் தடுப்பூசி போடுவதும் கிராம சுகாதார செவிலியரின் வேலை. மருந்தின் இருப்புக் கணக்கு, காலாவதி தேதி பார்ப்பது, பயன்படுத்திய ஊசியை அழிப்பது ஆகியவையும் அவர் தலையில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் செய்யும் வேலைக்கு இங்கே தனி ஆள் இல்லை.

மருந்து வாங்குவதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்மாதிரி. அதில் நமக்கு ஐயமில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது, ஆய்வகத்தில் சோதிக்கிறது, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது, பாஸ்புக் முறையில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் பார்த்து வழங்குகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன ஏற்பாடு. ஆனால் கிடங்கின் வாசலைத் தாண்டி மலையேறிய பெட்டிக்கு என்ன ஆகிறது என்பதில் அந்த அக்கறை தேய்ந்துவிடுகிறது.

தடுப்பூசிக்காவது ஒரு காவல் உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க ஐ.எல்.ஆர். என்னும் குளிர்பெட்டி, நாளுக்கு இரு முறை வெப்பநிலைப் பதிவு, சூடு பட்டால் கறுக்கும் சிறு சதுரம் குப்பியின் மேலேயே. அதுவும் முழுக் காவல் அல்ல. உறைந்துபோன ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை அந்தச் சதுரம் காட்டிக்கொடுக்காது. ஆக்சிடோசினுக்கும் இன்சுலினுக்கும் இதுகூட இல்லை. ஐ.எல்.ஆர். பெட்டிக்குள் வேறு மருந்து வைக்கக் கூடாது என்கிறது நம் தடுப்பூசித் திட்டத்தின் விதி. ஆக்சிடோசினைத் தடுப்பூசிக் குளிர்ச் சங்கிலியிலேயே வையுங்கள் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் கூட்டாகச் சொல்லின. செவிலியர் யார் பேச்சைக் கேட்பார்?

வேறு மருந்து தடுப்பூசியோடு மாறிவிடும் என்ற நம் விதியின் அச்சம் வெற்று அச்சமல்ல. 2014-இல் சிரியாவின் இத்லிப்பில் தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைக்கும் நீருக்குப் பதில் தசைத்தளர்த்தி மருந்து கலந்துவிட, 15 குழந்தைகள் இறந்தன. 2018-இல் சமோவாவிலும் அதே வகைப் பிழை; இறந்தவை இரண்டு குழந்தைகள். செவிலியர்கள் சிறை சென்றார்கள், தடுப்பூசித் திட்டம் நின்றது, மறு ஆண்டே தட்டம்மை பரவி 83 பேரைக் கொண்டுபோனது. இங்கே 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது, ஊர்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது அரசு.

இப்போதும் அதிகாரிகள் அதே பதிலைத்தான் சொல்லக்கூடும்: துணை நிலையத்தில் எதையும் வைக்காதீர்கள், எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கட்டும். கோப்புக்கு அது பாதுகாப்பு. பிரசவ வலியோடு மலைப்பாதையில் இறங்குகிற பெண்ணுக்கு அல்ல. குளிர்பெட்டி வேண்டிய மருந்துகளுக்குத் தடுப்பூசியோடு சேராத தனிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தாலே நம் விதியும் மீறப்படாது, மருந்தும் கெடாது. மின்கம்பி அடிக்கடி அறுந்தாலும் சூரிய ஒளியில் இயங்கிப் பனிக்கட்டியாகக் குளிரைச் சேமிக்கும் பெட்டிகள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கைத் தடுக்க, அறை வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசினையும் 2018-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. மலைப்பகுதிகளுக்கு அதை வாங்கலாமா என்று மருத்துவப் பணிகள் கழகம் ஆராய வேண்டும்.

பாம்புக்கடி மருந்தின் கதை வேறு. 2023 மே மாதம் வேலூர் மாவட்ட அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேருமுன் இறந்தது. பிரேதப் பரிசோதனைக்குப் பின் ஆம்புலன்ஸ் வழியிலேயே நின்றுவிட, தாய் உடலைச் சுமந்து நடந்தார். உலர்தூள் வடிவ விஷமுறிவு மருந்துக்குக் குளிர்பெட்டியே தேவையில்லை. வெயில் படாத அலமாரி போதும். தேவைப்படுவது, முதல் தவணைக்கே பத்துக் குப்பி அளவில் இருப்பு, ஒவ்வாமை வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின், அதைப் போடத் தெரிந்த மருத்துவர் இரவிலும். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது தமிழக அரசு. அறிவிக்கையின் மறுபாதியாக, மலை மேலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அன்றன்று எத்தனை குப்பி இருக்கிறது என்பதை வாசலிலேயே எழுதிப் போடட்டும்.

காட்டுக்குள் எதுவும் கட்ட முடியாது என்ற சாக்கும் செல்லாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்தில் மருந்தகம், மின்கம்பி, சாலை போன்றவற்றுக்குக் கிராம சபைப் பரிந்துரையோடு வழி விட்டிருக்கிறது.

மூன்று மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களும் ஒன்றாக உட்கார்ந்து மலை முழுமைக்கும் ஒரே இருப்புப் பதிவேடு வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மருந்தாளுநர் ஒருவர் மலையேறி ஒவ்வொரு துணை நிலையத்தின் அலமாரியையும் திறந்து பார்த்து, காலாவதியானதை எடுத்துக்கொண்டு கையெழுத்திட வேண்டும். ஊசிக் கழிவைக் கீழே கொண்டுபோக வாகனம் இல்லாத ஊர்களில் முறைப்படி அனுமதி பெற்ற ஆழ்குழி வேண்டும். பெட்டி பழுதானதாக எழுதிக்கொடுக்கும் செவிலியருக்கு விளக்கம் கேட்கும் ஓலை அனுப்பாமல், பழுது பார்க்க ஆளை அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மின்கம்பங்கள் சாயும் முன், அக்டோபருக்குள், முதல் சூரிய ஒளிப் பெட்டிகளாவது மலையேறியிருக்க வேண்டும்.