உழைக்கும் உரிமையும் பதினெட்டுத் திங்கள் அட்டையும்

உரிமை வேறு, இசைவு வேறு. உரிமை ஒருவர்க்கு உரியது. பிறர் அதனை மதித்தல் வேண்டும், அவ்வளவே. இசைவோ பிறர் தருவது. தந்த கையே அதைப் பறித்துக் கொள்ளவும் கூடும். தமிழறிந்த எவரும் இவ்விரு சொற்களையும் மயங்கக் கூறார். ஆனால் ஞாலத்தின் பெருஞ்செல்வ நாடாகிய அமெரிக்காவில், அடைக்கலம் பெற்றோரின் வேலைத்தாள்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. குழப்பியவர்கள் அலுவலகத்தில் இருக்கின்றனர். அதனால் அடுப்பு அணைவதோ ஏதிலியின் வீட்டில்!

(அகதி என்னும் வடசொல் நமக்கு வேண்டா. ஏதுமற்று வந்தாரைக் குறிக்க ஏதிலி என்னும் நம் சொல்லே போதும்.)

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1951-இல் செனீவாவில் உருவான ஏதிலியர் உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, சட்டப்படி தங்கியிருக்கும் ஏதிலியர் கூலிக்கு உழைப்பதில், அயல்நாட்டார்க்கு அந்நாடு வழங்கும் மிக உயர்ந்த நிலையையே அவர்களுக்கும் வழங்க வேண்டும் என்கின்றது. அமெரிக்கா அவ்வுடன்படிக்கையில் நேரே சேரவில்லை. அதன் கடமைகளைத் தன்னுள் கொண்ட 1967-ஆம் ஆண்டு நெறிமுறையில் 1968-இல் சேர்ந்தது. பின்னர் 1980-இல் தனக்கென ஓர் ஏதிலியர் சட்டம் இயற்றியது. அந்நாட்டுச் சட்டப்படி இருவகையினர் உளர். அயல்மண்ணிலேயே தேர்ந்தெடுத்து அழைத்துவரப் பெற்றோர் ஒருவகை. அந்நாட்டின் வாயிலுக்கோ உள்ளேயோ வந்து அடைக்கலம் வேண்டிப் பெற்றோர் மற்றொரு வகை. இவ்விரு வகையினர்க்கும் உழைக்கும் உரிமை அந்நிலையோடு கூடவே வருகின்றது. அடைக்கலம் தந்த அந்நொடியிலேயே வேலை செய்யும் உரிமையும் வந்துவிடுகின்றது. அதற்கெனத் தனியே எவரையும் வேண்டி நிற்க வேண்டுவதில்லை. விதிகள் இதனை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கின்றன.

அப்படியாயின் அட்டை எதற்கு? சான்றுக்கு! 1986-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தருவோர் ஒவ்வொருவரும் தாம் அமர்த்தும் ஆளின் தாள்களைப் பார்த்து ஐ-9 என்னும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்நாட்டிற் பிறந்தவரும் இதற்கு விலக்கல்லர். வேலையில் சேர்ந்து மூன்று வேலைநாள்களுக்குள் தாள்களைக் காட்டியாக வேண்டும். ஆனால் எந்தத் தாளைக் காட்டுவது என்று தேர்வது உழைப்பவரே. வேலை தருபவர் அல்லர். ஐ-765 என்னும் விண்ணப்பத்தின்வழிப் பெறும் வேலை அட்டை, அவ்வாறு காட்டத்தக்க பல சான்றுகளுள் ஒன்று மட்டுமே. அடைக்கலம் பெற்றவர் தம் ஊர்தி ஓட்டுநர் உரிமத்தையும், வேலைத்தடைக் குறிப்பேதும் இல்லாத குமுகப் பாதுகாப்பு அட்டையையும் காட்டினால் போதும். ஐ-94 எனப்படும் வருகைப் பதிவுத்தாளில் அடைக்கலம் பெற்றவர் என்னும் குறிப்பு இருந்தால் அதுவும் வேலையுரிமைக்குச் சான்றே. ஏதிலியராக அழைத்துவரப் பெற்றோர்க்கு அவர்தம் ஐ-94 தாள் முதல் 90 நாள்களுக்குப் பற்றுச்சீட்டைப் போல் ஏற்கப்படும். அதற்குள் மற்றத் தாள்களைப் பெற்றுக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு தாளைத்தான் கொண்டுவர வேண்டும் என்று நெருக்குவதைச் சட்டமே தடுத்துள்ளது.

ஏட்டில் இவை அழகாகத்தான் உள்ளன. நடைமுறை என்ன? ஆளெடுக்கும் மேசைக்குப் பின்னே அமர்ந்திருப்பவர் சட்டம் கற்றவர் அல்லர். தவறான ஆளை அமர்த்தினால் தண்டம் கட்ட நேருமே என்னும் அச்சம் அவருக்கு. படத்தோடும் முடிவுநாளோடும் பளபளக்கும் அட்டையைக் கண்டால் அவ்வச்சம் தணிகின்றது. எனவே 'அந்த அட்டையைக் கொண்டு வா' என்கின்றார். அட்டையின் நாள் கடந்துவிட்டால், உரிமையே கடந்துவிட்டதாகக் கொண்டு ஆளை நிறுத்தி விடுகின்றார். இவ்வாறு நெருக்குவது சட்டத்திற்கு மாறு என்று எடுத்துச் சொல்ல நேற்று வந்தவனுக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. குடிக்கூலி கட்ட வேண்டியவன் முறையீடு எழுதிக் கொண்டிருப்பானா, வேறு வேலை தேடுவானா?

இங்கேதான் அரசின் பொறுப்பு வருகின்றது. 2023-இல் அந்நாட்டுக் குடியேற்றத் துறை இவ்வட்டைகளின் காலத்தை ஐந்தாண்டு வரை நீட்டியது. நல்ல செயல்; பாராட்டத்தக்கது. 2025 திசம்பரில் அதே துறை, ஏதிலியர்க்கும் அடைக்கலம் பெற்றோர்க்கும் இனித் தரும் அட்டைகளின் காலத்தைப் பதினெட்டுத் திங்களாகக் குறைத்தது. அதற்குச் சற்று முன்பே மற்றொரு கதவையும் சாத்தியிருந்தது. பழைய அட்டை முடியுமுன் புதியதற்கு விண்ணப்பித்தோர்க்கு, பழைய அட்டையே 540 நாள் வரை தானாக நீளும் என்றொரு விதி இருந்தது. 2025 அக்தோபர் 30 முதல் விண்ணப்பிப்போர்க்கு அவ்வாறு தானாக நீளும் ஏற்பாடு பொதுவில் ஒழிந்தது. அட்டையின் காலமும் குறுகிற்று. இடைக்காலத்தைத் தாண்டும் பாலமும் இடிந்தது. இனி அலுவலகம் எத்தனை நாள் காலந்தாழ்த்துகின்றதோ, அத்தனை நாளும் உழைப்பவன் கையில் செல்லாத அட்டையே இருக்கும்.

இதற்குச் சொல்லப்பட்ட கரணியம் நாட்டின் பாதுகாப்பு. 2025 நவம்பர் 26 அன்று வாசிங்டனில் நாட்டுக் காவற்படையினர் இருவர் சுடப்பட்டனர்; சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அடைக்கலம் பெற்ற ஆப்கானியர். கொடிய செயல்தான், அதனை எவரும் ஞாயப்படுத்த மாட்டார். அடிக்கடி ஆராய்ந்தால் இத்தகையோரைக் கண்டுகொள்ளலாம் என்கின்றனர். ஆராயட்டும், யார் வேண்டாமென்றார்? தன் எல்லைக்குள் அடைக்கலம் தந்தவரின் பெயரும் கைவிரல் வரியும் அரசிடம் உள்ளன. அட்டை முடியும் நாளுக்காகக் காத்திராமல் எந்நாளும் ஆராயலாம். பிழை கண்டால் அடைக்கலத்தையே நீக்கவும் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் ஆராய்ச்சிக்குக் கருவியாக ஒருவனின் கூலியைப் பிடிப்பது என்ன முறை? அடைக்கலம் நிற்கும்வரை உரிமையும் நிற்கின்றது. உரிமைக்கு முடிவுநாள் இல்லை. அதன் சான்றுக்கு மட்டும் பதினெட்டுத் திங்களா? பிறப்புச் சான்று காலங்கடந்து போனால் பிறந்தவன் பிறவாதவன் ஆகிவிடுவானா?

அடைக்கலம் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்போர் நிலை இதினும் இரங்கத்தக்கது. அவர்களுக்கு உரிமை என்று ஒன்றில்லை, உண்மையிலேயே இசைவுதான். 1996-ஆம் ஆண்டுச் சட்டம், விண்ணப்பித்து 180 நாள் கழியுமுன் அவ்விசைவைத் தரலாகாது என்றது. 2020-இல் அதனை 365 நாளாக்கினர். 2022-இல் முறைமன்றம் அதனை அடித்து வீழ்த்தியது. முதல் அட்டைக்குக் கட்டணமின்றி இருந்த நிலையை மாற்றி, 2025 சூலையில் இயற்றிய சட்டம் அதற்கு 550 டாலர் கட்டணம் விதித்தது. வேலை செய்யாதே என்று அரையாண்டு கையைக் கட்டிவிட்டு, வேலை செய்ய வேண்டுமாயின் பணம் கொண்டுவா என்பதை என்ன பெயரிட்டு அழைப்பது? உழைக்காதவனிடம் பணம் எங்கிருந்து வரும்? கடனாக வரும், அல்லது மறைவில் பாதிக்கூலிக்கு உழைப்பதால் வரும். அவ்வாறு உழைக்க வைத்து ஆதாயம் காண்போர் இச்சட்டத்திற்கு நன்றி கூறுவர்!

அமெரிக்கத் தாள்களைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பார் இருக்கலாம். அந்த வரிசையில் நம்மவரும் நிற்கின்றனர். அடைக்கலம் மறுக்கப்பட்டோர் முறைமன்றம் செல்வதைக் குறித்து 2020-இல் அந்நாட்டு உச்சமுறைமன்றம் தீர்த்த வழக்கில் தோற்றவர் ஓர் ஈழத்தமிழர். இங்கே இந்திய அரசோ 1951 உடன்படிக்கையிலும் சேரவில்லை. 1967 நெறிமுறையிலும் சேரவில்லை. அமெரிக்கா தான் எழுதிய உரிமையைத் தாளால் மறைக்கின்றது. தில்லியோ உரிமையை எழுதவே இல்லை.

நாம் கேட்பது பெரிதன்று. அடைக்கலம் பெற்றவரின் அட்டையில் நாளைக் குறித்தே தீர வேண்டுமாயின், அருகிலேயே 'இந்நாள் அட்டைக்கே. உரிமைக்கன்று' என்று ஒரு வரி அச்சிடுக. ஆளெடுக்கும் மேசையில் இருப்பவர் அதைப் படித்துக்கொள்வார். அதுவரை, ஆங்கே அடைக்கலம் பெற்றுள்ள நம் உறவினர் வேலை அட்டை ஒன்றையே நம்பியிருத்தல் கூடாது. ஐ-94 தாளையும் குமுகப் பாதுகாப்பு அட்டையையும் செப்பமாக வைத்திருக்க வேண்டும். அட்டையின் நாள் கடந்தது என்று வேலையை விட்டு நிறுத்த வந்தால், அவ்விரண்டையும் மேசைமேல் வைத்து, எதைக் காட்டுவது என்று தேர்வது தாமே என்பதைச் சொல்லல் வேண்டும்.