வுஏ வந்த கதை



பாவூர்சத்திரத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. தபால் உறைகள் ஓரம் நமுத்துப்போய் வந்து சேர்கின்றன. இந்த மாதம் அவற்றில் பாதி ஒரே கேள்வியோடு வந்தன: “போன இதழ்க் கட்டுரையில் ‘எங்கள் தெருவுக்கு வுஏ வந்தது’ என்றிருக்கிறதே, வுஏ என்றால் என்ன?” கடையத்து வாசகர் ஒருவர், அது வழக்கொழிந்த வட்டாரச் சொல்லாக இருக்கும் என்று விளக்கமே எழுதிவிட்டார்.

அது டிவி.

கட்டுரையை எழுதியவர் கீழப்பாவூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து, பென்டிரைவில் கொண்டுவந்தார். பாமினி, ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழை உட்கார வைத்த எழுத்துரு. திரையில் ‘வணக்கம்’ என்று நாம் படிப்பது, கணினிக்குள்ளே டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். நாங்கள் பக்கம் கட்டுவதோ உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டில். மாற்றித் தரும் மென்பொருளில் கட்டுரையைப் போட்டோம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்த டிவியும் சேர்ந்து மாறிவிட்டது. டி போன இடத்தில் ‘வு’, வி போன இடத்தில் ‘ஏ’. மெய்ப்புப் பார்த்தவன் நான்தான். மன்னியுங்கள்.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் படி அளவு மாறும். வீடுகளுக்குக் கணினி வரத் தொடங்கிய தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு செய்தவர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு படி வைத்திருந்தார்கள். கணினிக்குள் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் ஒப்பந்தம் இல்லை. ஒன்றில் அடித்ததை இன்னொன்று படிக்காது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்’99 மாநாடு கூடியது. அதையொட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் ஏற்றது. (பொதுவாக ஒன்று வேண்டும் என்று கூடிய இடத்தில் இரண்டு பிறப்பது நம் ராசி.) பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய டிஸ்கி குறியீடு தனி. யூனிகோடோ 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது.

யூனிகோடில் அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய்களுக்குத் தனி இடம் கிடையாது. ‘கொ’வை, ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டாகத்தான் அது வைத்துக்கொள்ளும். இது பலருக்கு மனக்குறை. எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியீடு அந்தக் குறையில் பிறந்தது. 2010 ஜூனில் அரசு யூனிகோடையே தரமாக அறிவித்தது. யூனிகோடு ஓடாத மென்பொருள்களில் அதற்கு மாற்றாக டேஸ்16. குறை எனக்கும் உண்டு. ஆனால் பத்துப் பேர் பத்து விதமாக அனுப்பியதை வைத்துக்கொண்டு விடிய விடியப் பக்கம் கட்டியிருக்கிறேன். யூனிகோடுக்கே கை தூக்குவேன்.

செல்போனில் அடித்தாலே அது யூனிகோடுதான், அப்படியே அனுப்பலாம். டிடிபி கடைக்குப் போகிறவர்கள் ‘யூனிகோடில் வேணும்’ என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. பாமினி விசைகளிலேயே யூனிகோடு தரும் என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. கையெழுத்துப் பிரதிகளுக்கு எப்போதும்போல வரவேற்பு. சாரல் முடியும்வரை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.

ஆசிரியர் அய்யாவிடம் போனில் வருத்தம் தெரிவித்தேன். “விடுங்க சார்,” என்றார். “எங்க வீட்டுப் பேரப்பிள்ளைய இப்ப டிவியை வுஏன்னுதான் சொல்லுதுவ.”